வெறும் வயிற்றில் பறவைக் காடு

கொல்கத்தாவுக்குப் புறப்படும்போது என் பையில் இருந்தவற்றில் பாதி, வரப்போகும் ஆபத்துகளுக்கானவை. சுகர் மாத்திரை இரண்டு அட்டை. அந்த இரண்டும் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று துணிகளுக்கு நடுவே இன்னொரு அட்டை. டார்ச் லைட், சங்கிலி, பூட்டு, பத்தடி நைலான் கயிறு. “கயிறு எதுக்கு?” என்று என் மனைவி செல்வராணி கேட்டாள். “இருக்கட்டும்” என்றேன். எதற்கென்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அதை ஆபத்து என்று யார் சொல்வார்கள்?

அருப்புக்கோட்டையில் மாவு மில் வைத்திருக்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மில்லில் நின்றவன். என் ஒரே மகள் மலர்விழி நன்றாகப் படித்து, கொல்கத்தாவில் நியூ டவுன் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் சௌமிக் என்ற வங்காளிப் பையனைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாள். பையன் வீட்டைப் பார்த்துவிட்டு, சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்காகத்தான் இந்தப் பயணம். செல்வராணிக்கு மூட்டுவலி. அவ்வளவு தூரம் ரயிலில் உட்கார முடியாது.

ரயில் ஏற்றிவிட வந்த மச்சான் தங்கவேலு, செல்வராணிக்கு அண்ணன். மலருக்குத் தாய்மாமன். அவர் சொல்லைத் தாண்டி எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நடக்காது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“மாப்ள, ஒண்ணே ஒண்ணு. பேச்சு முடியாம அங்க கை நனைச்சிராதீங்க.”

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்பந்தம் பேசப்போகிற வீட்டில், பேச்சு முடிவதற்கு முன் சாப்பிடக் கூடாது. கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் வேண்டாம் என்றால் அது பெரிய அவமானம்.

“காப்பி குடிக்கலாமா மச்சான்?”

“காப்பியும் எதுக்கு? தண்ணி குடிங்க. தண்ணிக்குக் குத்தமில்ல.”

ரயில் நகர்ந்த பிறகும் கூடவே நடந்து வந்து, “பிஸ்கட்டும் வேணாம்!” என்று கத்தினார்.

எனக்கு வேறொரு பயம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் மலருக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகுதான் எங்களிடம் சொன்னாள். யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டதற்கு, “ஃப்ரெண்ட்ஸ் இருந்தாங்கப்பா” என்று முடித்துவிட்டாள். அன்றிலிருந்து, முகம் தெரியாத ஊரில் அவள் தனியாகப் படுத்துக் கிடப்பது போலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கும். நல்ல வீடு, நல்ல சம்பளம் எல்லாம் சரி. இவளுக்கு உடம்புக்கு ஒன்று என்றால் பக்கத்தில் வந்து உட்கார ஆள் உண்டா? இதைத்தான் பார்க்க வந்தேன். ஆனால் இதை எப்படிப் பார்ப்பது? வீட்டுக்குள் போனால் நாற்காலியும் டிவியும்தானே தெரியும்?

முதல் நாளே டாக்சி படுத்துவிட்டது. ஸ்டேஷனுக்கு அழைக்க வந்த மலரோடு நான் ஏறிய மஞ்சள் டாக்சி, ஆற்றுப் பாலத்தின் நடுவில் இழுத்து இழுத்து நின்றது. பின்னால் பஸ்கள் கதறின. பாலம் ஆடுவதுபோல் எனக்கு இருந்தது. ஆனால் சத்தத்தைக் கேட்டவுடன் விஷயம் புரிந்துவிட்டது. “பெல்ட் தொங்குதுன்னு சொல்லும்மா” என்றேன். மலர் வங்காள மொழியில் சொன்னாள். டிரைவர் பானெட்டைத் திறந்து பார்த்து, எதையோ முறுக்கிவிட்டு வந்து, என்னைத் திரும்பிப் பார்த்தார். “உங்க அப்பா என்ஜினியரா?” என்று கேட்டாராம். அந்த ஊரில் நான் நிம்மதியாக இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

மலரின் வீடு பதினான்காவது மாடி. கூட இருக்கும் பெண்கள் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். பால்கனிக் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் பெஹாலாவில் பையன் வீடு. மாடியில் பழைய பச்சை ஜன்னல்கள், கீழே மருந்துக்கடை. பையனின் அப்பா சுபீர் பாபு தபால் இலாகாவில் இருந்து ரிடையர் ஆனவர். குளிருக்குக் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார். முகத்தில் மூக்கும் கண்ணாடியும் மட்டும் வெளியே தெரிந்தன. “வாங்க! வாங்க!” என்றார் தமிழில். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பையனின் அம்மாவுக்கு நடந்த ஆபரேஷனுக்காகப் பல வருடங்களுக்கு முன் ஒரு மாதத்துக்கு மேல் வேலூரில் தங்கியிருந்தார்களாம். அங்கே கற்ற தமிழை மொத்தமும் எனக்கு ஒப்பித்தார்: “வாங்க. தண்ணி. சாப்டீங்களா? வலிக்குதா?” அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அது போதுமாக இருந்ததாம்.

உள்ளே இருந்து மீன் வறுக்கும் வாசனை வந்தது. மேசையில் பதினோரு கிண்ணங்களை எண்ணினேன். விடியற்காலையில் இருந்து சமைத்ததாக மலர் காதில் சொன்னாள். நான் தண்ணீர் கேட்டேன். தண்ணீர் மட்டும். அந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். நம் ஊரில் ஒருவர் கையை எடுத்துக் கும்பிட்டு “இருக்கட்டும்” என்றால் விஷயம் புரியும். அங்கே புரியவில்லை. மலர் அவசரமாக ஏதோ சொன்னாள்.

“என்னம்மா சொன்ன?”

“உங்களுக்கு வயிறு சரியில்லைன்னு சொல்லிட்டேன்ப்பா. வேற என்ன சொல்ல?”

அந்த ஊரில் எந்தப் பொய்யையும் சொல்லலாம், வயிற்றைப் பற்றி மட்டும் சொல்லக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. வீடே என்னைச் சூழ்ந்துகொண்டது. எத்தனை நாளாக? எரிச்சலா, உப்பசமா? ரயில் தண்ணீர் குடித்தாரா? காதை மூடாமல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாரா? ஓமம் வந்தது. மாத்திரை வந்தது. கீழே இருந்த மருந்துக்கடைக்காரரே மேலே ஏறி வந்து என் நாக்கை நீட்டச் சொன்னார். உலகத்திலேயே அதிகமாகக் கவலைப்படுகிறவன் நான் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர்களுக்கு முன்னால் நான் ஒன்றுமே இல்லை.

கடைசியில் சுபீர் பாபு தீர்ப்புச் சொன்னார். மலர் மொழிபெயர்த்தாள். “வயித்துக்குக் காலை நடைதான் மருந்தாம். நாளைக்கு அவர் வழக்கமா பறவை பார்க்கப் போற காட்டுக்கு உங்களையும் கூட்டிட்டுப் போறாராம்.”

“காடா? ஊருக்குள்ளயா?”

“ஊரோட தெற்கு ஓரத்துலப்பா. பழைய மாந்தோப்பு. அப்படியே வளர விட்டுட்டாங்க.”

“பாம்பு?”

மலர் கேட்டுச் சொன்னாள். “குளிர்காலத்துல அதிகம் வராதாம்.”

அதிகம் என்ற அந்தச் சொல்லோடு அன்று படுத்தேன்.

மூன்றாம் நாள் விடியும் முன்பே கிளம்பினோம். கரியாஹாட் பக்கம் நம் ஊர்க்காரர் கடையில் வாங்கிய மாவில் மலர் ஆறு இட்லி வார்த்து டப்பாவில் எடுத்து வைத்தாள். என் மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுவது. வாடகைக் காரில் போகும்போது போட்டுக்கொண்டேன். இறங்கியதும் இட்லி என்பது கணக்கு. ஆனால் டிரைவர் வழியை விட்டுவிட்டு, எங்கெங்கோ சுற்றி, இதற்கு மேல் சந்துக்குள் வராது என்று நடுவழியில் இறக்கிவிட்டார். அங்கிருந்து டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில் ஏறினோம். காட்டின் வாசலில் இறங்கிய பிறகுதான் மலர் கையைப் பார்த்தாள். இட்லி டப்பா காரோடு போய்விட்டது.

“அப்பா, மாத்திரை போட்டுட்டீங்களா?”

அவள் முகத்தைப் பார்த்தேன். “இன்னும் போடலம்மா” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் பதறுவதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. என் பயத்தைத் தாங்கிக்கொள்வேன், பழக்கம்தானே.

சுபீர் பாபுவும் சௌமிக்கும் பெஹாலாவிலிருந்து நேராக வந்து காத்திருந்தார்கள். வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. கண்ணாடி ஜாடியில் பன்னும் பிஸ்கட்டும் இருந்தன. கடையில் என் கைக்காசில் வாங்கிச் சாப்பிட்டால் வழக்கத்துக்குக் குறை இல்லை என்று மனசுக்குள் வழக்கை முடித்துக்கொண்டு ஜாடியை நோக்கிப் போனேன். சுபீர் பாபு என் கையைப் பிடித்து இழுத்தார். கடைக்காரரிடம் கண்டிப்பாக ஏதோ சொன்னார். சௌமிக் ஆங்கிலமும் தமிழும் கலந்து விளக்கினான். “அங்கிள், ஸ்டமக் சரியில்லை. மைதா ஆபத்து.” கடைக்காரரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஜாடியை மூடினார். மகள் சொன்ன பொய் என் கண்ணெதிரிலேயே பன்னை எடுத்துக்கொண்டு போனது.

உள்ளே நுழைந்தோம். மாமரங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, மேலே வானமே தெரியவில்லை. பலா, தென்னை, ஆள் உயரத்துக்குப் பெரணிச் செடிகள், நடுவே மூங்கில் புதர்கள். பாதையெல்லாம் ஈரச் சருகு. என்னைப் பயமுறுத்தியது இவை எதுவும் இல்லை. அமைதிதான். என் மில்லில் சத்தம் நின்றால் பெல்ட் அறுந்துவிட்டது, இல்லையென்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் காட்டில் எல்லாம் நின்றுபோய் இருந்தது. எங்கே கோளாறு என்று என் காது தேடிக்கொண்டே வந்தது.

மலர் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். சிக்னல் இல்லை. “வாசல் வரைக்கும் போய் டிரைவருக்குப் போன் பண்ணிட்டு வர்றேன்ப்பா. கார் பக்கத்துலதான் எங்கயாவது சுத்திட்டு இருக்கும்” என்று சொல்லிவிட்டு சௌமிக்கோடு திரும்பிப் போனாள். நானும் சுபீர் பாபுவும் மட்டும் நின்றோம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது நாலு தமிழ் வார்த்தை, பத்து இங்கிலீஷ் வார்த்தை.

அவர் பேசவும் இல்லை. கழுத்தில் பைனாகுலர், தோளில் அதன் தோல் பெட்டி, கையில் ஒரு சின்ன நோட்டு. விரலை உதட்டில் வைத்து, ஒரு கிளையைக் காட்டினார். மஞ்சளும் கறுப்புத் தலையுமாக ஒரு மாங்குயில். “இஷ்டி குடும்” என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, என் நெஞ்சைத் தொட்டு, கதவைத் திறப்பது போலக் கையை விரித்தார். அது கூவினால் வீட்டுக்கு உறவினர் வருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை என்று பிற்பாடு மலர் சொன்னாள். நம் ஊரில் அந்த வேலையைக் காக்கா பார்க்கிறது. அப்போது எனக்கு அது புரியவில்லை. பறவை பறந்துபோகும் என்கிறார் போல என்று நினைத்துத் தலையாட்டினேன்.

அடுத்தாற்போல், புதரில் இருந்து ஒரு செம்போத்து இறங்கிப் பாதையைக் கடந்தது. காரியத்துக்குப் போகும்போது செம்போத்து இடமிருந்து வலம் போனால் நல்லது என்று செல்வராணி சொல்வாள். மச்சான் வலமிருந்து இடம் என்பார். எனக்கு அது இடமிருந்து வலம் போனது. எதிரே நின்ற சுபீர் பாபுவுக்கு வலமிருந்து இடம் போனது. நான் இந்தக் கணக்கில் தவித்துக்கொண்டிருக்க, அவர் நிம்மதியாக நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். செம்போத்து, ஒன்று. அவ்வளவுதான் அவருக்கு.

சருகு சடசடவென்று நொறுங்கியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு உடும்பு, கை நீளத்துக்கு, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மரத்தில் ஏறிப் போனது. சுபீர் பாபு சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், அவர் கையைப் பிடித்திருந்த என் விரல்கள் நடுக்கத்தை விடவில்லை. உடும்பு போன பிறகும் நடுங்கிக்கொண்டே இருந்தன.

குளிரில் அவர் குல்லாயோடு நிற்க, என் சட்டை முதுகில் ஒட்டியது. நாக்கு தடித்தது. மரங்களின் பச்சை எல்லாம் ஒன்றோடொன்று கலங்கியது. மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆகிறது? எண்ணிப் பார்க்க முடியவில்லை. பையில் டார்ச் இருந்தது, பூட்டு இருந்தது, பத்தடிக் கயிறு இருந்தது. ஒரு சாக்லேட் இல்லை. இந்தக் காட்டில், பெயர் தெரியாத மரத்தடியில் விழப்போகிறோம், மலர் வந்து பார்ப்பாள், செல்வராணிக்கு யார் சொல்வார்கள் என்றெல்லாம் ஓடியது. ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சுபீர் பாபு குனிந்து என் முகத்தைப் பார்த்தார். நோட்டு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“வலிக்குதா?” என்றார்.

நான் இல்லை என்று தலையாட்டி, “சுகர்” என்றேன்.

“சுகர்?” அவர் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். “மீ ஆல்சோ சுகர்!” பைனாகுலர் பெட்டியை அவசரமாகத் திறந்தார். பைனாகுலர்தான் அவர் கழுத்தில் தொங்குகிறதே, பெட்டியில் என்ன இருக்கும் என்று அந்த நிலையிலும் யோசித்தேன். உள்ளே இருந்து காகிதப் பொட்டலம் வந்தது. ஈச்சம் வெல்லம் போட்ட சந்தேஷ் என்கிற பால் இனிப்பு, நாலு. ஒன்றைப் பிட்டு என் வாயில் வைத்தார். கை நனைக்காதே என்று மச்சான் குரல் கேட்டது. அதற்குள் அது கரைந்து உள்ளே போய்விட்டது. இரண்டாவதையும் ஊட்டினார். தன் குல்லாயைக் கழற்றி என் தலையில் மாட்டினார். பக்கத்து வேரில் உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தார். யாரையும் கூப்பிட்டுக் கத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மரங்கள் தனித்தனி மரங்கள் ஆயின. மாங்குயில் இன்னும் கூவிக்கொண்டிருந்தது கேட்டது.

மிச்சம் இரண்டு இருந்தன. அவர் என்னைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார், ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு பெஹாலா திசையில் கையைக் காட்டி, “மிசஸ்” என்று சொல்லி, கழுத்தை அறுப்பது போல் சைகை செய்தார். அந்த மனிதர் வாராவாரம் எதற்காகக் காட்டுக்கு வருகிறார் என்று அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

மலர் டப்பா இல்லாமல் வந்தாள். நாங்கள் இருவரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். என் தலையில் குல்லாய் எப்படி வந்தது என்று கேட்டாள். “குளிருச்சு” என்றேன்.

ஆனால் மச்சானிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. வாசலுக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் ஒதுங்கி நின்று போன் போட்டு, நடந்ததை எல்லாம் சொன்னேன்.

“அது மருந்து மாப்ள” என்றார் மச்சான். “மயங்கி விழுறவன் வாயில ஊத்துறது கணக்குல வராது. அதுவும் காட்டுல. வீட்டுல இல்லயே! நீங்க இன்னும் ஃப்ரீதான். தைரியமா இருங்க.”

திரும்பினால் மலர் பின்னால் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“மாத்திரை போடலன்னுதானே சொன்னீங்க?”

நான் குல்லாயை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன்.

“நேத்து அவங்க வீட்டுல ஒரு வாய் சாப்பிடல. அந்த வழக்கத்துக்காக உசுரையே விட்ருப்பீங்களாப்பா?” என்றாள். கண் கலங்கியிருந்தது. பெஹாலா போகும்வரை கார் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு அங்கே வருவதாக முன்பே பேச்சு. நான் ஃப்ரீதான் என்று மச்சான் சொன்னதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அது எனக்குத் தைரியம் தரவில்லை.

மேசையில் மற்றவர்களுக்குக் கடுகு போட்ட மீன், வறுத்த கத்தரிக்காய், பருப்பு. என் முன்னால் மட்டும் தனியாக ஒரு தட்டு. வயிறு சரியில்லாதவனுக்கென்று குழைய வடித்த சோறு, பச்சைப் பப்பாளியும் வாழைக்காயும் போட்டு, காரமே இல்லாத மஞ்சள் குழம்பு. நேற்று மறுத்தவன் இன்றும் மறுப்பானோ என்று அந்த அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். சுபீர் பாபு என்னைப் பார்க்காமல் உப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மலர் மெதுவாக, தட்டைப் பார்த்தபடியே, “டெங்கு வந்தப்ப எனக்கு இதேதான்ப்பா” என்றாள்.

“எது?”

“இந்தச் சோறும் இந்தக் குழம்பும். காக்கிமா, அதான் சௌமிக்கோட அம்மா, தினமும் பஸ்ல நியூ டவுனுக்கு எடுத்துட்டு வருவாங்க. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கட்டில்லயே உட்கார்ந்திருப்பாங்க.”

“ஃப்ரெண்ட்ஸ்னு சொன்னியே?”

“அப்ப சௌமிக்கைப் பத்தியே உங்ககிட்ட சொல்லலையேப்பா. எப்படிச் சொல்வேன்?”

நான் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பிசைந்து சாப்பிட்டேன். உப்புகூடக் குறைவு. பக்கத்திலேயே கடுகு மீன் வாசனை என்னைக் கொன்றது. ஆனால் வயிறு நன்றாகத்தான் இருக்கிறது என்று இனி எந்த முகத்தோடு சொல்வது? மச்சானிடம் இதை எப்படிச் சொல்லப்போகிறேன், செல்வராணி என்ன சொல்வாள், ஊர் என்ன சொல்லும், இந்த மீன் வாசனையில் பேரப்பிள்ளைகள் எந்த மொழியில் என்னைக் கூப்பிடும் என்று பயம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது.

இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று அந்த அம்மா கரண்டியோடு பக்கத்தில் வந்தார். தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.